நல்ல தண்ணீர் வசதி உண்டு

உழவர்கரையில், பெரிய சாலையிலிருந்து இரண்டு திருப்பங்கள் உள்ளே, ராமலிங்கத்தின் வீட்டு வாசற்கதவில் கடந்த மே மாதம் ஒரு பலகை தொங்கியது. கறுப்புத் தகரத்தில் வெள்ளை எழுத்து: "மாடிப் பகுதி வாடகைக்கு. நல்ல தண்ணீர் வசதி உண்டு." ஒற்றுப்பிழையில்லாமல், வாக்கிய முடிவில் புள்ளியோடு எழுதப்பட்ட பலகை அந்தத் தெருவில் அது ஒன்றுதான்.

எழுதியவர் ராமலிங்கமே. தெருவில் அவரை நொத்தேர் என்று அழைத்தார்கள். அவர் நொத்தேர் அல்லர். நகரத்தில் பத்திரங்களை எழுதி உறுதிசெய்யும் நொத்தேர் ஒருவரிடம் முப்பத்தோராண்டு எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். தாம் எழுதிய எந்தப் பத்திரமும் இருபொருள்பட்டு வழக்குக்குப் போனதில்லை என்பது அவருக்கிருந்த ஒரே பெருமை. அதை அவர் ஆண்டுக்கு ஓரிரு முறைக்கு மேல் சொன்னதில்லை. சொன்னபோதெல்லாம் முழுமையாகச் சொன்னார்.

பலகையைப் படித்துவிட்டு உள்ளே வந்தவள் மாலா. அவளுடைய தொழில் வெள்ளைத் துணி. கதிர்காமத்துப் பக்கம் மருத்துவம் படிக்கும் மாணவர்களும் பயிற்சி மருத்துவர்களும் அணியும் வெள்ளைக் கோட்டுகளை வாங்கிவந்து, துவைத்து, கஞ்சி போட்டு, தேய்த்து, ஒருவருடையது இன்னொருவருக்குப் போய்விடாமல் திருப்பிக் கொடுப்பாள். ஏழாண்டுக்கு முன் எட்டுக் கோட்டுகளோடு தொடங்கியது இப்போது அறுபதாகியிருந்தது. கோரிமேட்டில் அவள் குடியிருந்த வீட்டை உரிமையாளர் இடித்துக் கட்டப்போவதால், துணி உலர்த்த மொட்டைமாடியுள்ள வேறு வீடு அவளுக்குத் தேவைப்பட்டது. கணவன் பக்கிரி தனியார் பேருந்தில் நடத்துநர். வீடு தேடும் வேலையை அவளிடமே விட்டுவிட்டான். தண்ணீரைப் பார்த்து எடைபோட அவளுக்குத் தெரியும் என்பது அவன் நம்பிக்கை. அது பாதி உண்மை.

"உப்புத் தண்ணி இல்லியே ஐயா?" என்று அவள் கேட்டாள்.

"நான் சொல்லி நீ நம்ப வேணாம்மா. நாக்குல வச்சிப் பாத்துக்க" என்றார் ராமலிங்கம்.

அவள் குழாயைத் திறந்து, உள்ளங்கையில் ஏந்தி, நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பு இல்லை. இன்னொரு கை பிடித்துப் பார்த்தாள். அப்போதும் இல்லை. சோப்பு நுரைக்காத தண்ணீருக்கு அவள் அறிந்த பெயர் உப்புத் தண்ணி. மற்றது நல்ல தண்ணி. மூன்றாவது வகைக்குப் பெயரில்லை. பெயரில்லாததால், அப்படி ஒன்று இருக்கக்கூடும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

ஜூன் முதல் வாரம் குடிவந்தார்கள். முதலில் மாறியது பருப்பு. மூன்று விசிலில் குழைந்துபோகும் துவரம்பருப்பு, ஆறு விசிலுக்குப் பிறகும் கரண்டியில் தனித்தனியாக நின்றது. மாலா மளிகைக் கடையை மாற்றினாள். கழுவிக் கவிழ்த்த எவர்சில்வர் டம்ளர்கள் காய்ந்தபின் புள்ளிபுள்ளியாக வெளுத்தன. துலக்கும் பொடியை மாற்றினாள். சீப்பில் வழக்கத்தைவிடக் கூடுதலாக முடி வந்தது, எண்ணெயை மாற்றினாள். குழாயின் வாயில் வெள்ளைப் பொருக்குக் கட்டி, விழும் தண்ணீர் இரண்டாகப் பிரிந்து, ஒரு கிளை எப்போதும் அவள் புடவையை நனைத்தது. பக்கிரி அதைக் கத்தியால் சுரண்டி எடுத்தான். பதினைந்து நாளில் அது மறுபடியும் வளர்ந்தது.

"இது உப்புத் தண்ணிதான். நான் சொல்லிக்கினேதான் இருக்கேன்" என்றான் அவன்.

"எங்க இருக்குது உப்பு? வாயில ஊத்திப் பாரேன்."

"ஊத்திப் பாத்தேன்."

"இருக்குதா?"

"இல்ல."

"அப்பறம் என்னா பேச்சு? சொரண்டுற வேலையப் பாரு."

தண்ணீர் ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மாற்றியாகிவிட்டது.

கோட்டுகள் கடைசியாகத்தான் காட்டிக்கொடுத்தன. சோப்பு நுரைக்கவில்லை, ஆகவே அவள் கூடுதலாகப் போட்டாள். அப்போதும் நுரைக்கவில்லை, இன்னும் கூடுதலாகப் போட்டாள். ஆகஸ்டில் கோட்டுகளின் காலரைத் தொட்டால் விரலில் ஒரு பிசுக்குத் தெரிந்தது. செப்டம்பரில் அவற்றின் நிறம் வடித்த கஞ்சியின் நிறமாயிற்று. சொட்டு நீலத்தைக் கூட்டினாள், பழுப்பு சாம்பலாயிற்று. வெளுப்புப் பொடி போட்டாள். ஒரு கோட்டின் பை தையலோடு கையில் வந்தது. அந்தப் பையை யாரும் கண்டுபிடிக்காத அளவுக்கு நேர்த்தியாகத் திரும்பத் தைத்துக் கொடுத்தாள். அறுபது கோட்டுகள் நாற்பத்தேழாயின. ஏன் நிறுத்துகிறோம் என்று அந்தப் பதின்மூன்று பேரில் ஒருவரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

மொட்டைமாடிக் கொடியில் வியாழக்கிழமைதோறும் ராமலிங்கத்தின் வேட்டி உலர்ந்தது. அவளுடைய கோட்டுகளுக்கு நடுவில் அது மட்டும் வெயிலில் கண்ணைக் கூசவைத்தது. புது வேட்டி போலிருக்கிறது என்று நினைத்தாள். எல்லா வியாழனும் அப்படித்தான் நினைத்தாள்.

அக்டோபர் மூன்றாம் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் சுடர்விழி வந்தாள். பயிற்சி மருத்துவர். முதலாமாண்டில், கோட்டுக் கை விரல்நுனி வரை தொங்க, "இத கொஞ்சம் சின்னதா ஆக்கித் தர முடியுமாக்கா?" என்று வந்து நின்றவள். இன்று நான்கு கோட்டுகளைக் கட்டிலில் விரித்தாள். அவற்றின் அருகே, கடையில் வாங்கி உறை பிரிக்காத ஒரு கோட்டையும் வைத்தாள். அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

"கோச்சிக்காதீங்கக்கா. வார்டுல சார் என்னப் பாத்து, 'டீக்கடையிலேருந்து நேரா வரியாம்மா'ன்னு கேட்டுட்டாரு. எல்லாரும் சிரிச்சிட்டாங்க."

"எந்த சாரு? அந்த வழுக்கத் தலையா?"

"அவருதான்."

"அவரு கோட்டயே நான்தான தொவைச்சிக்கினு இருந்தேன்?"

"போன மாசத்துலேருந்து அவங்க ஊட்டம்மா தொவைக்கிறாங்களாம்."

மாலா ஒரு கோட்டை எடுத்து மடித்தாள். பிறகு பிரித்தாள்.

"சோப்பு நெறையத்தான் போடறேன் பாப்பா. நுரையே கட்டல. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு போட்டுக்கினே இருக்கேன்."

"அதான் தப்பாயிடுது. இது கடின நீர்க்கா. ஸ்கூல்ல படிச்சோமே."

"நீ படிச்ச. தண்ணி எப்பிடிம்மா கடினமாவும்? உப்பு இல்ல, நானே நாக்குல வச்சிப் பாத்துட்டுத்தான் வந்தேன்."

"நாக்குக்குத் தெரியாது. இதுல கரஞ்சிருக்கறது சுண்ணாம்பு மாதிரி. சோப்போட சேந்து பசையாயி, துணியிலயே உக்காந்துக்கும். நீங்க சோப்பு கூட்டக் கூட்ட அதுவும் கூடும்."

நான்கு மாதங்களாகத் தான் வெளுத்துக்கொண்டிருக்கவில்லை, பூசிக்கொண்டிருந்திருக்கிறோம் என்பதை மாலா மெதுவாக உள்வாங்கினாள்.

"சனிக்கெழம வெளியூர்லேருந்து ஆய்வுக்குழு வருது" என்றாள் சுடர்விழி. "வெள்ளிக்கெழம சாயங்காலம் எங்க பேட்ச்சுக்கு முப்பத்திரெண்டு கோட்டு வேணும். மத்தவங்கள்லாம் டவுன்ல மிஷின் லாண்டரிக்குப் போயிடலாம்னு சொல்றாங்க. ஒரே ஒரு தரம் அக்காகிட்ட குடுத்துப் பாப்போம்னு நான்தான் சொல்லி வச்சிருக்கேன். கீழ வண்டியில மூட்ட இருக்கு."

"வெள்ளையா வரலன்னா?"

சுடர்விழி புதுக்கோட்டை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டாள். "வரும்க்கா" என்றாள், மருத்துவர்கள் 'சரியாயிடும்' என்று சொல்லும் குரலில்.

அந்த முப்பத்திரண்டும் போனால் மீதிப் பதினைந்தும் போகும் என்பதைக் கணக்குத் தெரியாதவர்களும் சொல்லிவிடலாம். ஏழாண்டில் அவள் சேர்த்தது அந்த மாணவர்களின் நம்பிக்கை ஒன்றைத்தான். மாலா கஞ்சி நிறத்துக் கோட்டொன்றைக் கையில் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள்.

ராமலிங்கம் கூடத்தில் அமர்ந்து, செய்தித்தாளின் சந்திப் பிழைகளைப் பென்சிலால் வட்டமிட்டுக்கொண்டிருந்தார்.

"ஐயா, போர்டுல நல்ல தண்ணின்னு போட்டிருந்தீங்களே."

"போடலியே."

"போட்டிருந்தீங்க. அதப் படிச்சிட்டுத்தான் நான் உள்ளயே வந்தேன்."

அவர் எழுந்து, கதவுக்குப் பின்னால் சாய்த்துவைத்திருந்த பலகையைக் கொண்டுவந்து அவள்முன் பிடித்தார். "படி."

"நல்ல தண்ணீர் வசதி உண்டு."

"இதுல 'நல்ல' எதக் குறிக்குது? வசதிய. தண்ணீர் வசதி நல்லா இருக்குதுன்னு எழுதியிருக்கேன். எந்த நேரம் தொறந்தாலும் கொழாயில வருதா, இல்லியா?"

"வருது."

"அவ்ளோதான். தண்ணி நல்லதுன்னு நான் எழுதவே இல்ல."

"நான் நல்ல தண்ணி, அதுக்கு வசதின்னு படிச்சேன்."

"அப்பிடிப் படிக்கக் கூடாது."

"ஏன் கூடாது ஐயா?"

ராமலிங்கம் வாயைத் திறந்தார். ஏன் கூடாது என்பதற்கு விதி எதுவும் நினைவுக்கு வரவில்லை. அப்படியொரு விதி இல்லாததே காரணம். 'நல்ல' என்னும் அடை அடுத்து நிற்கும் தண்ணீரையும் தழுவலாம்; தண்ணீரைத் தாண்டி வசதியையும் தழுவலாம். இலக்கணம் இரண்டுக்கும் இடங்கொடுத்தது. பலகையைத் தமக்குள் ஒருமுறை படித்தார். அவள் படித்த விதத்தில் இன்னொருமுறை படித்தார். பிறகு, நல்ல எழுத்தர்கள் செய்வதுபோல், சொல்லை விட்டுவிட்டுச் சான்றுக்குப் போனார்.

"சரி, அப்பிடியே இருக்கட்டும். தண்ணி கெட்டதுன்னு எத வச்சிச் சொல்ற? பதினோரு வருஷமா இந்த ஊட்டுலதான் என் வேட்டிய தொவைக்கிறாங்க. பாரு. இது வெள்ளையா, இல்லியா?"

மாலா கோட்டை வேட்டியின் அருகில் பிடித்தாள். வேட்டி வெள்ளை. எந்த நீதிபதியும் அப்படித்தான் தீர்ப்பெழுதுவார். அந்த வேட்டி புதியதன்று என்பது, ஓரத்தில் இழை பிரிந்திருந்ததைப் பார்த்தபோது இப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. ஒரே தொட்டி, ஒரே குழாய், பழைய வேட்டி. அப்படியானால் மிச்சமிருப்பது ஒன்றுதான்.

"அப்ப என் கைதான் சரியில்லபோல" என்றாள்.

"உன் கைக்கு ஒண்ணும் இல்ல. உக்காரு."

சொன்னவள் ராமலிங்கத்தின் மனைவி அஞ்சலாட்சி. காப்பி டபராவோடு சமையலறை வாயிலில் அவள் எவ்வளவு நேரமாக நின்றிருந்தாள் என்று தெரியவில்லை. காப்பியைக் கணவரிடம் நீட்டாமல் மாலாவிடம் நீட்டினாள்.

"அந்த வேட்டி கொழாத் தண்ணியில தொவைச்சது இல்ல" என்றாள்.

"என்னது?" என்றார் ராமலிங்கம்.

"மழத் தண்ணி. மழ இல்லாத நாள்ல ஏசியிலேருந்து சொட்டற தண்ணி. பதினோரு வருஷமா அதான்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே நீ?"

"நீங்க எழுதாததுக்கு நீங்க பொறுப்பு இல்லன்னா, நான் சொல்லாததுக்கு நானும் பொறுப்பு இல்ல."

மாலா காப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பின்னர் அஞ்சலாட்சி சொன்னதன் சுருக்கம் இது. இந்த மனையை வாங்கியபோது அவளுடைய அண்ணன் தண்ணீர் சரியில்லை என்றார். ராமலிங்கம் தாமே எழுதிய கிரையப் பத்திரத்தில் 'நீர்வளமுள்ள மனை' என்றிருப்பதைக் காட்டினார். பத்திரத்தில் இருப்பது பூமியிலும் இருந்தாக வேண்டும் என்பது அவர் கட்சி. அதற்காக இரண்டு தீபாவளிக்கு அண்ணன் வரவில்லை. முதல் மாதத்திலேயே வேட்டி பழுப்பேறியது. அதை அவரிடம் காட்டியிருக்கலாம். ஆனால் வாக்குவாதத்தைவிட வேட்டியை வெளுப்பது எளிது என்று அவள் கண்டுகொண்டாள்.

"வா, காட்டறேன்" என்று மாலாவைப் பின்கட்டுக்கு அழைத்துச் சென்றாள். மோட்டார் அறையின் தகரக் கூரையிலிருந்து, பாதியாகப் பிளந்த குழாய் ஒன்று சரிந்து இறங்கியது. அதன் கீழே மூன்று நீல டிரம்கள். வாயில் மெல்லிய துணி கட்டி, மேலே பலகை மூடியிருந்தது. மாடியிலிருந்து பார்த்தபோதெல்லாம் மாலா அவற்றைக் கட்டட வேலையில் மிஞ்சியவை என்றே எண்ணியிருந்தாள்.

"கைய வச்சிப் பாரு. சோப்பு எடு."

மாலா கையை நனைத்துச் சோப்பைத் தொட்டாள். மூன்றாவது தேய்ப்பில் நுரை மணிக்கட்டைத் தாண்டியது. நான்கு மாதங்களாக அவள் பார்க்காத நுரை. அதைக் கழுவ அவளுக்கு உடனே மனம் வரவில்லை.

"இட்லிப் பானையில தண்ணியோட ஒரு துண்டு புளி போடறேன், பாத்திருக்கியா? இல்லன்னா அடியில வெள்ளையா கட்டிக்கும்" என்றாள் அஞ்சலாட்சி. "பானையில ஒட்டற அதே எழவுதான் துணியிலயும் ஒட்டுது. புளி போட்டா துணி கறையாவும். வினிகர் வாங்கு. மழத் தண்ணியில கலந்து ஊற வை, பிசுக்கு விட்டுடும். அப்பறம் சோப்பு, நீ போடறதுல கால்வாசி. ஆனா அலசறதும் இதுலயேதான். கடைசி அலசு கொழாயில போட்ட, எல்லாம் வீண்."

"முப்பத்திரெண்டு கோட்டு இருக்குக்கா. உங்க தண்ணி பூராவும் தீந்துடும்."

"தீரட்டும். அவரு நாலு நாளு பழுப்பு வேட்டி கட்டட்டும். ஒண்ணும் கொறஞ்சிடாது."

கூடத்தில் செய்தித்தாளின் பக்கம் ஒன்று புரண்டது.

பக்கிரி மாலையில் ஆறு பாட்டில் வினிகர் வாங்கிவந்தான். கடைக்காரர் ஊறுகாய்த் தொழில் தொடங்கியாயிற்றா என்று கேட்டதாகச் சொன்னான். அன்று மாலையே எல்லாக் கோட்டுகளும் ஊறின. புதன் காலையில் ஊறிய தண்ணீரை வடித்தபோது அது பாலைப்போல் வெளுத்து, மேலே ஏடு படிந்திருந்தது. நான்கு மாதத்துச் சோப்பு. மாலா அதைச் சாக்கடையில் ஊற்றும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. முழுவதும் இறங்கும்வரை பார்த்தாள்.

நண்பகலுக்குள் முப்பத்திரண்டையும் துவைத்து ஒருமுறை அலசியாயிற்று. இன்னும் ஓர் அலசல் பாக்கியிருந்தது. மூன்றாவது டிரம்மின் அடியில் நான்கு விரல் தண்ணீர்தான் மிச்சம். வானம் மூடியிருந்தது, பெய்யவில்லை.

"கொழாயிலயே ஒரு தரம் காட்டி எடுத்துடேன். யாருக்குத் தெரியப் போவுது?" என்றான் பக்கிரி.

"கோட்டுக்குத் தெரியும்."

கோட்டுகள் வாளிகளில் நனைந்தபடி காத்திருந்தன. இரண்டு மணி ஆயிற்று. மூன்று ஆயிற்று. மாலா சமைத்ததைச் சாப்பிடாமல், படிக்கட்டின் கடைசிப் படியில் உட்கார்ந்து தகரக் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான்கு மணிக்குச் சற்று முன் மழை வந்தது. முதலில் பெய்தது கூரைத் தூசைக் கழுவட்டும் என்று அஞ்சலாட்சி குழாயை வெளியே திருப்பிவிட்டாள். பிறகு திரும்பவும் டிரம்முக்கு நேராகத் திருப்ப முயன்றபோது அது பிடியிலிருந்து நழுவியது. யாரோ பின்னாலிருந்து அதைப் பிடித்து நிறுத்தினார்கள். ராமலிங்கம் குடையைக் கழுத்துக்கும் தோளுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கைகளாலும் குழாயைத் தாங்கி நின்றார். கால்மணி நேரம் நின்றார். வேட்டி முழங்கால் வரை நனைந்து சேறாயிற்று.

வியாழக்கிழமை வெயிலில்லை. கோட்டுகளை உலர்த்தக் கீழ்வீட்டுக் கூடம் திறந்துவிடப்பட்டது. சன்னல்களிலும் கதவுகளிலும், குறுக்கே கட்டிய இரண்டு கயிறுகளிலும் அவை தொங்கின. இரண்டு மின்விசிறிகள் ஓடின. அவற்றின் நடுவே ராமலிங்கம் செய்தித்தாள் படித்தார். பக்கம் புரட்டும்போது ஏதாவதொரு கோட்டின் கை அவர் தோளில் பட்டது. அன்று ஒரு பிழையையும் அவர் வட்டமிடவில்லை.

வெள்ளி மாலை சுடர்விழி வந்தாள். தேய்த்து அடுக்கிய கோட்டுகளில் மேலே இருந்ததை எடுத்தாள். பையிலிருந்து புதுக்கோட்டையும் எடுத்தாள். மாலா அதை எதிர்பார்த்திருந்தாள். சுடர்விழி இரண்டையும் சன்னலருகே கொண்டுபோய்ப் பிடித்தாள். புதியதில் கடைத்துணிக்குரிய நீலம் கொஞ்சம் கூடுதல். அது ஒன்றே வேறுபாடு. அவள் புதியதைப் பையில் போட்டுவிட்டுப் பழையதை அணிந்துகொண்டாள்.

"வரும்னு சொன்னேன்ல?"

"சொன்ன. உனக்கே நம்பிக்க இல்லாமத்தான் சொன்ன."

"டாக்டருங்க அப்பிடித்தான்க்கா சொல்லணும்" என்றாள் சுடர்விழி. "திங்கக்கெழம மறுபடியும் கொண்டாரேன். எல்லாத்தயும்."

ஞாயிறு காலை ராமலிங்கம் மாலாவைக் கீழே அழைத்தார். மேசையில் ஒரு தாள் இருந்தது. வாடகை ஒப்பந்தத்தோடு சேர்க்க வேண்டிய இணைப்பு என்றார். கையெழுத்து மணிமணியாக இருந்தது. மாலா வாய்விட்டே படித்தாள்.

"ஒன்று. இவ்வீட்டுக் குழாய்களில் வரும் தண்ணீர் அளவில் போதுமானது, தன்மையில் கடினமானது. இரண்டு. இவ்வீட்டின் கூரைகளில் விழும் மழைநீர் முழுவதும், ஒரு வேட்டி துவைக்கத் தேவையான அளவு நீங்கலாக, மாடியில் குடியிருப்பவருக்கே உரியது."

மன்னிப்பு என்ற சொல் தாளில் எங்கும் இல்லை. மாலா அதைத் தேடவும் இல்லை. இரண்டாவது வாக்கியத்தை மட்டும் மறுபடியும் படித்தாள். இம்முறை மெதுவாக.

"ஐயா, ஒரு வேட்டின்னா, வாரத்துக்கு ஒண்ணா? இல்ல, மொத்தத்துக்கே ஒண்ணுதானா?"

சமையலறையில் கரண்டி ஒன்று கீழே விழுந்தது. அதைத் தொடர்ந்து அஞ்சலாட்சியின் சிரிப்பு.

"வாரத்துக்கு ரெண்டுன்னு எழுதுங்க" என்று அவள் குரல் வந்தது. "புதங்கெழம சேறாக்கினதயும் நான்தான தொவைக்கணும்."

ராமலிங்கம் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு, கண்ணாடியைத் துடைத்து மாட்டி, பேனாவைத் திறந்தார்.